அப்பாவின் சாகா: முதலில் கெரான், அப்புறம் இன்ஜின்

வாசகர் கடிதம்

பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு தோட்டப்புற ஊரிலிருந்து 27 வயது இளைஞர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், கார் எண், பட்டறை விவரம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அப்பா தோட்டத்தில் லாரி ஓட்டியவர். ஆறு வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார். உயில் எழுதவில்லை. குடியிருப்பது தோட்ட நிர்வாகத்தின் லயத்து வீடு. ஊழியர் சேமநிதியில் அம்மா பெயரைப் பதிந்திருந்ததால் அந்தப் பணம் அம்மாவுக்கு வந்துவிட்டது. மிஞ்சியது ஒரு கார்: 1988-ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா, 1.3 இன்ஜின், சிவப்பு நிறம். செகண்ட் ஹேண்டில் வங்கிக் கடன் போட்டு வாங்கியது. அப்பா போன பிறகு யாரும் அதை எடுக்கவில்லை. லயத்துக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியிலேயே நின்றது. "டேஷ்போர்டில் அப்பா ஒட்டிய முருகன் படம் இன்னும் இருக்கிறது. கிளவ் பாக்ஸில் அவருடைய 555 நோட்டு. எண்ணெய் மாற்றிய தேதி, டயர் விலை, வங்கிக்குக் கட்டிய தவணை எல்லாம் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார்" என்கிறார் மகன்.

இந்த வருடம் அவர் காரை லாரியில் ஏற்றி ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய், சேர்த்து வைத்திருந்த 9,000 வெள்ளியை (ரிங்கிட்) ரசீது வாங்காமல் கொடுத்திருக்கிறார். பழைய இன்ஜினைக் கழற்றியாயிற்று. பட்டறைக்காரர் மூன்று யோசனை சொல்லியிருக்கிறார். ஒன்று, ஜப்பான் ஹாஃப் கட் (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய கார்) 1.8 இன்ஜினைப் போட்டுவிடலாம், கெரானில் (காரின் பதிவுப் பத்திரம்) மாற்ற வேண்டாம், பானெட்டைத் திறந்து யார் பார்க்கப்போகிறார்கள்? இரண்டு, தரைத்தகடு துருப்பிடித்துப் போனதால் இன்னொரு சாகாவின் கூடு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, அதற்குக் கெரான் இல்லை, நம் காரின் சேசிஸ் நம்பரை வெட்டி அதில் ஒட்டவைத்துவிடலாம். மூன்று, பெயர் மாற்றமெல்லாம் வீண் அலைச்சல், இப்போதுதான் ரோட் டேக்ஸ் ஸ்டிக்கரே ஒட்ட வேண்டியதில்லையே.

இதற்கிடையே கிள்ளானில் கட்டிக்கொடுத்த அக்கா, "என்னைக் கேட்டாயா?" என்று சண்டை பிடித்திருக்கிறார். தங்கை பேசாமல் இருக்கிறார். அப்பாவைப் பெற்ற பாட்டி சித்தப்பா வீட்டில் இருக்கிறார். பட்டறைக்காரர் இப்போது ஹாஃப் கட்டுக்கு இன்னும் 4,000 வெள்ளி கேட்கிறார். கொடுக்காவிட்டால் காரைத் தர முடியாது என்கிறார். "நான் ஒரே ஆண்பிள்ளை. அப்பா கார் எனக்குத்தானே? கறுப்பு மேட் பெயின்ட் அடித்து, அடுத்த தைப்பூசத்துக்கு அம்மாவை ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு அதில் கூட்டிப்போக ஆசை. சட்டம் என்ன சொல்கிறது?" இதுதான் கேள்வி.

வழக்கறிஞர் பதில்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அப்பா ஓட்டிய காரைத் திரும்பவும் ஓட வைக்க வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் பட்டறையில் வேலை நடக்கும் வரிசை தலைகீழாக இருக்கிறது. உங்கள் பெயரில் இல்லாத காரில் நீங்கள் பணம் போடுகிறீர்கள். பட்டா இல்லாத நிலத்தில் வீடு கட்டுவது மாதிரி. அதைவிடப் பெரிய கவலை அந்த இரண்டாவது யோசனை. அதற்கு வருகிறேன். அதுவரை காரில் எந்த இடத்தையும் வெட்டவோ வெல்டிங் வைக்கவோ கூடாது என்று இன்றைக்கே பட்டறைக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். போனில் சொன்னால் போதாது, எழுத்தில் இருக்கட்டும்.

கார் யாருடையது?

ஒரே ஆண்பிள்ளை என்பதால் கார் உங்களுக்கு வந்துவிடாது. நம் குடும்பங்களில் இந்த எண்ணம் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. மகள் கல்யாணம் செய்துபோனால் கணக்கு முடிந்தது என்று பேசுகிறோம். சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே இல்லை. முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால், தீபகற்ப மலேசியாவில் 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம்தான் செல்லும். அதில் மகனும் மகளும் சமம். மணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாடும் கிடையாது.

இன்னொருவரை நீங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை: பாட்டி. இறந்தவருக்கு மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருந்தால் மனைவிக்கு நான்கில் ஒரு பங்கு, பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்துப் பாதி, பெற்றோருக்கு நான்கில் ஒரு பங்கு. கார் இன்றைய நிலையில் 3,000 வெள்ளி பெறும் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு 750, பாட்டிக்கு 750, பிள்ளைகள் மூன்று பேருக்கும் தலைக்கு 500. உங்கள் பங்கு ஆறில் ஒன்று. பாட்டிக்கு உங்களைவிட அதிகம். அக்கா கேட்ட கேள்வியில் நியாயம் இருக்கிறது என்று இப்போது உங்களுக்கே புரியும்.

பயப்பட ஒன்றும் இல்லை. மற்றவர்கள் தங்கள் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுக்கலாம். இந்த மாதிரிக் காருக்குப் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும், ஒழுங்காகக் கேட்டால். ஆனால் பாட்டி விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அப்பா இறந்தபோது பாட்டி உயிரோடு இருந்ததால் அந்தக் கால்பங்கு அன்றைக்கே அவருக்குச் சேர்ந்துவிட்டது. நாளை பாட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது பாட்டியின் சொத்தோடு சேர்ந்து சித்தப்பாமார், அத்தைமார் என்று பிரியும். பிறகு ஒரு பழைய சாகாவுக்காகப் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கி அலைய வேண்டும். பாட்டி நல்ல நினைவோடு இருக்கும்போதே நேரில் போய் உட்கார்ந்து, விஷயத்தைப் புரியும்படி சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். சித்தப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பின்னால் வரும் பேச்சு அங்கேயே தீர்ந்துவிடும்.

எங்கே போவது என்றால் அமானா ராயா, இறந்தவர்களின் சொத்தை நிர்வகித்துத் தரும் அரசு நிறுவனம். உயில் இல்லாமல், அசையும் சொத்து மட்டுமே இருந்து, மொத்த மதிப்பு 600,000 வெள்ளிக்குள் இருந்தால் உயர்நீதிமன்றம் வரை போகத் தேவையில்லை. அமானா ராயாவே முடித்துத் தரும். ஈப்போவில் அலுவலகம் இருக்கிறது. இறப்புச் சான்றிதழ், கெரான், எல்லா வாரிசுகளின் அடையாள அட்டை, உறவைக் காட்டும் பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். அப்பா பெயரில் எங்காவது மலிவு விலை வீடோ ஒரு துண்டு நிலமோ இருப்பது தெரியவந்தால் வழி மாறும். அப்போது நில அலுவலகத்தின் சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவுக்குப் போக வேண்டியிருக்கும். அம்மாவிடம் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அம்மாவுக்கு வந்த சேமநிதிப் பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வாரிசுப் பெயர் பதிந்திருந்ததால் அது நேராக அவருக்குப் போய்விட்டது, அது அவருடையது.

அமானா ராயா தரும் உத்தரவோடுதான் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) பெயர் மாற்றம். அங்கே இரண்டு விஷயம் குறுக்கே நிற்கலாம். அப்பா பெயரில் கட்டாத சம்மன் இருந்தால் கறுப்புப் பட்டியலில் மாட்டிக்கொள்ளும். அடுத்து, காரைக் கடனில் வாங்கியதால் வங்கியின் உரிமைக்கோரல் பதிவில் அப்படியே நிற்கலாம். கடன் முழுதும் கட்டியாகியிருக்கும். ஆனால் அதை நீக்க யாரும் போயிருக்க மாட்டார்கள். இப்படி எத்தனையோ கெரான்கள் கிடக்கின்றன. அந்த 555 நோட்டு இங்கேதான் உதவும். எந்த வங்கி, எந்த மாதம் கடைசித் தவணை என்று பாருங்கள். பென்சில் எழுத்து மங்குவதற்குள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, வங்கிக்குப் போய் கடன் தீர்ந்ததற்கான கடிதம் கேளுங்கள்.

பழைய இன்ஜின் எங்கே?

உங்கள் கடிதம் முழுக்க ஹாஃப் கட்டைப் பற்றித்தான் இருக்கிறது. கழற்றிய இன்ஜினைப் பட்டறைக்காரர் என்ன செய்தார் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

பெயர் மாற்றத்துக்கு முன் கார் பரிசோதனைக்குப் போக வேண்டும். பி5 என்று சொல்வார்கள். அங்கே முதலில் பார்ப்பது சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர். இரண்டும் ஜேபிஜே பதிவோடு ஒத்துப்போக வேண்டும். அப்பா பெயரில் பதிவான அந்த 1.3 இன்ஜின் காரில் இல்லை என்றால் பெயர் மாற்றமே நின்றுவிடும். ஆகவே அந்த இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் தடுப்பதுதான் உங்கள் முதல் வேலை. நம்பர் பொறித்திருக்கும் இடத்தைப் படம் எடுங்கள். அதை ஓவர்ஹால் செய்து திரும்பக் காரிலேயே மாட்டி, காரை லாரியில் ஏற்றிப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். ரோட் டேக்ஸ் இல்லாத காரை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. ரோட் டேக்ஸ் விட்டுப்போய் வருடக்கணக்கு ஆகிவிட்டதால், கார் இன்னும் உயிருள்ள பதிவாக இருக்கிறதா, புதுப்பிக்க என்னென்ன கேட்பார்கள் என்பதை முன்கூட்டியே ஜேபிஜே கவுன்டரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளி செலவழிப்பதற்கு முன் செய்ய வேண்டியது இது.

பெயர் உங்களுக்கு மாறிய பிறகு பெரிய இன்ஜின் போடலாமா? போடலாம். ஆனால் மறைத்துப் போட முடியாது. ஜேபிஜேயின் அனுமதி வேண்டும், அதற்கான பரிசோதனை வேண்டும், புது இன்ஜின் நம்பரும் சிசியும் கெரானில் ஏற வேண்டும். இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாள் கேட்பார்கள்: கடை ரசீது, இறக்குமதி ஹாஃப் கட் என்றால் சுங்கத்துறைப் பாரமும் (படிவம்) வேண்டும். தாள் இல்லாத இன்ஜினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

செலவுக் கணக்கையும் பாருங்கள். 1,298 சிசி சாகாவுக்குத் தீபகற்பத்தில் வருட ரோட் டேக்ஸ் 70 வெள்ளி. அவர் சொல்லும் 1.8 இன்ஜின் 4ஜி93 என்றால் அது 1,834 சிசி. அதற்கு 297 வெள்ளி வரும். வித்தியாசம் தாங்கக்கூடியதுதான். பிரேக்தான் கவலை. அந்தக் கால சாகாவுக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், 1.3 இன்ஜினின் வேகத்துக்குப் போட்டது. இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் அப்படியே விட்டால், ஈரமான தோட்டச் சாலையில் ஒரு வளைவு போதும்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தை இதைவிட அழுத்திச் சொல்ல வேண்டும். 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 90-ஆம் பிரிவு, மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் 1,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. லைசென்சும் 12 மாதத்துக்குப் போய்விடும். அபராதம்கூட ஒரு பொருட்டில்லை. யார்மேலாவது இடித்துவிட்டால் இழப்பீடு உங்கள் சம்பளத்திலிருந்து பல வருடம் போகும். கெரானில் 1.3 என்று போட்டு உள்ளே 1.8 ஓடினால், இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது கேட்ட கேள்விக்குத் தவறான பதில் சொன்னதாகிவிடும். விபத்துக்குப் பிறகு பானெட்டைத் திறந்து பார்க்க ஆள் வருவார். பட்டறைக்காரர் "யார் பார்க்கப்போகிறார்கள்?" என்று கேட்டாரே, அதற்குப் பதில் அந்த ஆள்தான்.

ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம் என்பது உண்மை. தனியார் கார்களுக்கு 2023 பிப்ரவரி 10 முதல் அந்தத் தளர்வு வந்தது. ரோட் டேக்ஸே வேண்டாம் என்று அதற்குப் பொருளில்லை. கார் எண்ணை அடித்தால் போலீஸ்காரரின் கையில் எல்லாம் தெரியும்.

என் சொந்தக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய 1.3 இன்ஜினையே சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் சாகா 1985 ஜூலை 9 அன்று வெளிவந்தது. அதே வருடம் பினாங்குப் பாலம் திறந்தபோது அன்றைய பிரதமர் மகாதீர் ஓட்டிச் சென்றதும் ஒரு சாகாதான். அந்த முதல் தலைமுறைக் கார்களில் அசல் இன்ஜின், அசல் நிறத்தோடு ஓடுகிறவை குறைந்துகொண்டே வருகின்றன. அப்படிப்பட்டதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பழைமையான கார் என்ற வகையில் ரோட் டேக்ஸ் சலுகை கேட்கவும் அசல் நிலைதான் கைகொடுக்கும். ஹாஃப் கட்டுக்குப் போகும் பணத்தில் பிரேக், ஒயரிங், ரேடியேட்டர், டயர் எல்லாவற்றையும் புதிதாக்கிவிடலாம். ஆறு வருடம் நின்ற காரில் பெட்ரோல் டாங்கி உட்புறம் துருப்பிடித்திருக்கும், ரப்பர் குழாய்கள் வெடித்திருக்கும். பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுத்துக்கொண்டு சிலிண்டரை அரித்திருக்கும். அதற்கே உங்கள் பணம் சரியாகப் போகும்.

சேசிஸ் நம்பரைத் தொடவே தொடாதீர்கள்

இதில் சமரசத்துக்கே இடமில்லை. கெரான் இல்லாத கூட்டில் அப்பா காரின் நம்பரை ஒட்டவைப்பது கார் குளோனிங். பட்டறைக்காரர் அதை உங்களிடம் ஒரு சிக்கன வழி மாதிரி சொல்லியிருக்கிறார். அந்தக் கூட்டுக்கு ஏன் கெரான் இல்லை? முறையாகப் பதிவு நீக்கம் செய்து பிரித்த கார் என்றால் அதைக் காட்டும் தாள் இருக்கும். தாள் இல்லை என்றால் எங்கோ யாரோ ஒருவர் தன் காரைக் காணவில்லை என்று போலீஸ் புகார் கொடுத்திருக்கக்கூடும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் பொருட்படுத்தாமலோ வாங்கினால் தண்டனைச் சட்டம் 411-ஆம் பிரிவு பாயும். ஐந்து வருடம் வரை சிறை. நம்பரைத் திருத்துவது சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் தனிக் குற்றம். 'எனக்குத் தெரியாது, பட்டறைக்காரர் செய்தார்' என்று நீங்கள் சொல்லவும் முடியாது. அவர் சொன்னதை எனக்கு எழுதியே அனுப்பியிருக்கிறீர்கள்.

பிடிபட மாட்டோம் என்ற நினைப்பும் வேண்டாம். வெட்டி ஒட்டிய இடத்தில் வெல்டிங் தடம் இருக்கும். பெயின்டைச் சுரண்டினால் தெரிந்துவிடும். தேய்த்து அழித்த எண்ணைக்கூட ரசாயனம் தடவி வெளிக்கொண்டுவர ஆய்வுக்கூடத்தில் வழி இருக்கிறது. பிடிபட்டால் கார் பறிமுதலாகும். அப்பாவின் காரில் அசலாக எஞ்சிய அந்தத் துண்டுத் தகடும் வழக்குப் பொருளாகப் போய்விடும்.

துருப்பிடித்த தரைத்தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். நல்ல டின் வேலைக்காரர் கையில் அது சாதாரண வேலை, காசுதான் கொஞ்சம் கூடும். சேசிஸ் நம்பர் உள்ள பகுதியை மட்டும் யாரும் தொடக் கூடாது. வேலைக்கு முன்னும் பின்னும் தேதியோடு படம் எடுங்கள். அந்த இடமே துருப்பிடித்திருந்தால் வேலையை நிறுத்திவிட்டு முதலில் ஜேபிஜேயிடம் போய்க் காட்டுங்கள். கூடு மொத்தமும் உளுத்துப்போய், தகடு வைத்தும் பயனில்லை என்று இன்னொரு பட்டறையும் சொன்னால், மனதைத் தேற்றிக்கொண்டு கெரான் உயிரோடுள்ள வேறொரு சாகாவை முறையாக வாங்கி, அப்பா காரின் ஸ்டீயரிங், சீட், டேஷ்போர்டு எல்லாவற்றையும் அதில் மாட்டிக்கொள்ளலாம். சட்டப்படி அது வேறு கார். அப்பாவின் கை பட்டவை உங்களோடு இருக்கும்.

பெயின்டும் மற்றதும்

நிறம் மாற்றினால் அதையும் பரிசோதித்துக் கெரானில் ஏற்ற வேண்டும். சிவப்பு என்று பதிவான கார் கறுப்பாக ஓடினால் ஒவ்வொரு ரோட் பிளாக்கிலும் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அம்மாவிடம் நிறம் பற்றிக் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. அவருக்கும் காரில் கால்பங்கு இருக்கிறது, கேளுங்கள். கண்ணாடிக்கு டின்டட் ஒட்டுவதென்றால் முன் கண்ணாடியில் குறைந்தது 70 விழுக்காடு, முன் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடு வெளிச்சம் ஊடுருவ வேண்டும். பின்னால் 2019 முதல் கட்டுப்பாடு இல்லை. சத்தம் போடும் எக்சாஸ்ட், கண்ணைப் பறிக்கும் வெள்ளை லைட், வளைந்த எழுத்தில் நம்பர் பிளேட் இவை மூன்றும் சம்மனைக் கூப்பிட்டு வாங்குகிற வேலை. ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துவதும் வேண்டாம். லயத்துக்கு வரும் மண் சாலையில் அது ஒரு மாதம் தாங்காது.

அடுத்த தைப்பூசம் என்ற கெடுவையும் விட்டுவிடுங்கள். அமானா ராயா, வங்கி, ஜேபிஜே என்று மூன்று இடத்தில் தாள் நகர வேண்டும். எது எப்போது நகரும் என்பது உங்கள் கையில் இல்லை. கெடு வைத்துக்கொண்டு ஓடினால்தான் குறுக்கு வழி கண்ணில் படும்.

அக்காவுக்கு என்ன எழுதுவது?

சட்டம் தெரிந்துவிட்டது என்று பங்குக் கணக்கை முதலில் அனுப்பாதீர்கள். "கேட்காமல் செய்தது என் தவறு. காரை ஓட வைக்க ஆசைப்படுகிறேன், என் பெயரில் மாற்றினால்தான் ரோட் டேக்ஸ் எடுக்க முடியும். உனக்குச் சம்மதமா? உன் பங்குக்குப் பணம் வேண்டும் என்றாலும் தருகிறேன்" என்று எழுதுங்கள். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கொடுக்க வேண்டியது 500 வெள்ளியாகக்கூட இருக்கலாம். அவர் வாங்க மறுக்கவும் கூடும். ஆனால் கேட்கிற உரிமை அவருக்கு இருக்கிறது என்று நீங்கள் ஒத்துக்கொண்டதுதான் அவருக்கு வேண்டியிருக்கும் என்று எனக்குப் படுகிறது. தங்கையிடமும் இதையே கேளுங்கள். பேசாமல் இருப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன்பின் எல்லோருடைய ஒப்புதலையும் அமானா ராயா சொல்லும் பாரத்தில் கையெழுத்தாக வாங்குங்கள்.

பட்டறைக்காரர் காரைப் பிடித்துவைக்கலாமா?

ஓரளவுக்கு அவருக்கு உரிமை உண்டு. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 123-ஆம் பிரிவின்படி, ஒரு பொருளில் உழைப்போ தொழில் திறனோ செலுத்தியவர் தன் கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது செய்து முடித்த வேலைக்கான கூலிக்கு மட்டும். இன்னும் மாட்டாத, நீங்கள் வேண்டாம் என்று சொல்லப்போகிற ஹாஃப் கட்டுக்கு 4,000 வெள்ளி முன்பணம் கேட்டுக் காரைப் பிடித்துவைக்க அந்தப் பிரிவு இடம் தரவில்லை.

விலையை முன்கூட்டியே பேசிக்கொள்ளவில்லை என்றால் நியாயமான விலைக்கு மேல் நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. வேலையும் நியாயமான காலத்துக்குள், ஒழுங்கான திறனோடு நடக்க வேண்டும். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இதைச் சொல்கிறது. பேச்சில் தீராவிட்டால் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே கேட்பார்கள். மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி. வழக்கறிஞர் வைக்க முடியாது, நீங்களே பேச வேண்டும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். 9,000 வெள்ளி கொடுத்ததற்கு ரசீது இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பியிருந்தால் அந்தப் பதிவே சாட்சி. ரொக்கமாகக் கொடுத்திருந்தால், 'இந்தத் தேதியில் இவ்வளவு கொடுத்தேன்' என்று இப்போதே அவருக்கு வாட்ஸ்அப் அனுப்பி, அவர் மறுக்கிறாரா ஒத்துக்கொள்கிறாரா என்று பாருங்கள்.

மன்றத்துக்கு முன் ஒரு கடிதம். கோபமில்லாமல், ஒரு பக்கத்துக்குள், 14 நாள் கெடு வைத்து எழுதுங்கள். பதிவுத் தபாலில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று. இதுவரை செய்த வேலைக்கும் வாங்கிய சாமானுக்கும் தனித்தனியாக விலை போட்ட பட்டியல் கேளுங்கள். கழற்றிய 1.3 இன்ஜினை அதன் நம்பரோடு குறிப்பிட்டு, அதையும் காரையும் ஒன்றாகத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பட்டியல் கைக்கு வந்ததும், நியாயமாக அவருக்குச் சேர வேண்டியது ஏதாவது பாக்கி இருந்தால் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு, காரையும் இன்ஜினையும் ஒரே லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.